மலைமக்கள் உடலை அளப்பது எவர் கோல்?

சவ்வாது மலைமேல் காவலூரில் ஒரு விண்ணோக்ககம் உள்ளது. அங்கே 1986-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் குறுக்களவு உடையது. கண்ணுக்கு எட்டாத விண்மீனையும் ஒன்றுவிடாது அளந்து எழுதிவைக்க அங்கே கருவியுண்டு, ஆளுண்டு, அரசின் பொருளுமுண்டு. அதே மலையில், சமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில், காலங்காலமாகத் தமிழே பேசி வாழும் மலையாளிப் பழங்குடியினரின் உடல்நலத்துக்கு மட்டும் அரசின் பொதுக் கணக்கேட்டில் தனிப்பக்கம் இல்லை. மலையில் வாழ்வோர் என்னும் பொருள்பட அமைந்த பெயரைத் தாங்கிய மக்கள், மாவட்டக் கணக்கின் ஓர் ஓரத்தில் கரைந்து கிடக்கின்றனர்.

உடற்பருமன் என்றதும் அதைச் செல்வர் வீட்டு நோய் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் தமிழரிடையே வேரூன்றியுள்ளது. கணக்கோ வேறு கூறுகின்றது. நாடளாவிய குடும்ப நலவாழ்வு அளவாய்வின்படி, 2015–16-இல் தமிழ்நாட்டுப் பெண்டிருள் 30.9 விழுக்காட்டினரும் ஆடவருள் 28.2 விழுக்காட்டினரும் மிகையெடை உடையவராயிருந்தனர். 2019–21-இல் அவ்விழுக்காடுகள் முறையே 40.4 ஆகவும் 37.0 ஆகவும் உயர்ந்தன. இந்தியப் பெண்டிர்க்குரிய பொது அளவு அப்பொழுது 24.0. ஐந்தாண்டிற்குள் பத்து விழுக்காட்டளவு பெருகிய ஒன்றைச் செல்வர் நோய் என்பது எவ்வாறு பொருந்தும்? அதே அளவாய்வில் தமிழ்நாட்டுப் பெண்டிருள் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர். உடல் பருத்தும் குருதி வற்றியும் நிற்கும் நிலை ஊட்டக்கேட்டின் அடையாளம், செழிப்பின் அடையாளமன்று.

இக்கணக்கு மாவட்டம் மாவட்டமாக வெளியிடப்படுகின்றது. திருவண்ணாமலை மாவட்டத்துக்கு ஓர் எண் எழுதப்பட்டால், போளூர்க் கடைத்தெருவில் அமர்ந்து வணிகம் செய்பவரும், சமுனாமரத்தூர்க்கு அப்பால் மேட்டுக் கொல்லையில் களையெடுப்பவரும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுவர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். மொத்தத் தொகையில் 1.1 விழுக்காடு. நூறு பேரின் நிரவல் அளவில் ஒருவர் நலிவு தென்படாது. தென்படாத நோய்க்கு மருந்து ஒதுக்கப்படுவதும் இல்லை.

அளக்கும் கோலும் அயலார் கோலே. எடையை உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுத்துப் பெறும் உடல்நிறை எண், பெல்சிய நாட்டுக் கணக்கறிஞர் அடோல்பு கெட்லே 1830-களில் மேலையர் உடல்களைக் கொண்டு வகுத்த அளவாகும். அதற்கு இன்றைய பெயரை 1972-இல் வழங்கிய அமெரிக்கர் ஆன்செல் கீசு குழுவினர் ஆடவரை மட்டுமே அளந்தனர்; அளக்கப்பட்ட நாடுகளுள் இந்தியா இல்லை. அக்கோலின்படி 25-க்கு மேல் மிகையெடை. 30-க்கு மேல் பருமன்.

ஆயின், இந்நிலத்து மக்களின் உடலமைப்பு வேறு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாச்னிக், இலண்டன் மருத்துவர் சான் யுட்கின் ஆகிய இருவரும் தம் உடல்களையே ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்டனர். இருவர்க்கும் உடல்நிறை எண் 22.3. ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியர் உடலிலோ 21.2 விழுக்காடு! அவ்வாண்டே உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசிய மக்களுக்கு 23-ஆம் எண்ணிலேயே விழிப்புத் தேவை என்றது. அங்ஙனமிருந்தும், மேற்கூறிய குடும்ப நலவாழ்வு அளவாய்வு 25 என்னும் பழைய கோட்டையே கொண்டு எண்ணுகின்றது. உடல்நிறை எண்ணை மட்டும் நம்பித் தனியொருவர் பருமனை முடிவு செய்தலாகாது என 2025-இல் அனைத்துலக வல்லுநர் குழுவும் உரைத்துவிட்டது. எடை குறைந்து தோன்றும் மலைப் பெண்ணின் வயிற்றில் கொழுப்புத் திரண்டிருப்பின், பழைய கோல் அவளை நலமுடையவள் என்றே எழுதி அனுப்பிவிடும்.

மெலிந்த மலைமக்களுக்குப் பருமனைப் பற்றிய கவலை எதற்கு என வினவுவாரும் உளர். அவர்க்கு ஒல்லாந்து நாட்டுச் செய்தி விடை தரும். 1944–45 கூதிர்காலத்தில் செருமானியப் படை உணவை மறித்ததால் அந்நாட்டு மேற்குப் பகுதி நகரங்கள் பட்டினியில் வாடின. கருவுற்ற முதற்பாதியில் பட்டினி கிடந்த தாயரின் மைந்தர்களைப் பத்தொன்பதாம் அகவையில் படைக்கென அளந்தபொழுது, அவரிடையே பருமனுடையார் மிகுந்திருந்தனர் என 1976-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. கருப்பையில் பசியறிந்த உடல், பின்னர்க் கிடைக்கும் உணவைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கப் பழகிவிடுகின்றது. ஆகலின், தாயின் பசியைத் தீர்க்காமல் பிள்ளையின் பருமனைத் தடுக்க இயலாது. நேற்றுவரை பசித்த குடியே நாளைய நீரிழிவுக்கும் நெஞ்சாங்குலை நோய்க்கும் எளிதில் இரையாகும் குடி.

அப்பசிக்கு இடப்படும் உணவு எது? சவ்வாது மலையின் உணவு சாமை. மழையை மட்டுமே நம்பிச் சரிவு நிலத்திலும் விளைவது, நார்ப்பொருள் மிக்கது. நயவிலைக் கடையிலோ 2011 முதல் விலையில்லாமல் அரிசி வழங்கப்படுகின்றது. பட்டினியைத் துரத்திய அத்திட்டத்தைப் பழித்தல் நன்றியின்மை. எனினும், தீட்டிய வெள்ளரிசி ஒன்றே தட்டை நிரப்ப, அதன்மேல் நெகிழிப் பொட்டலங்களில் வரும் எண்ணெய்த் தீனியும் இனிப்பு நீரும் சேருமாயின் உடல் என்னாகும்? மற்றொருபுறம், எடை குறைக்க விரும்பும் சென்னைச் செல்வர் மேசையில் சாமை ஏறியமர்ந்துள்ளது. விளைவித்தவன் விற்றுவிட்டு வெள்ளரிசி உண்கின்றான். வெள்ளரிசியால் பருத்தவன் அவன் சாமையை வாங்கி இளைக்கின்றான்! இவ்வணிகத்தில் இழப்பு எவர்க்கு என்பதை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

பண்டுவத்திலும் இதே ஏற்றத்தாழ்வுதான். எடை குறைக்கும் புதிய ஊசிமருந்தொன்று 2025 மார்ச்சில் இந்தியக் கடைகளுக்கு வந்தபொழுது, ஒரு கிழமைக்குரிய மிகச் சிறிய அளவின் விலையே 3,500 உருபா. 2025–26-இல் தமிழ்நாட்டில் ஊரக வேலைத் திட்டத்தின் நாட்கூலி 336 உருபா. ஒரு கிழமை மருந்துக்குப் பத்து நாள் கூலியும் போதாது. ஊசியை விடுக, குருதியழுத்தம் பார்க்கும் இடமேனும் அண்மையில் உண்டா? சமவெளியில் 30,000 பேர்க்கும் மலைப்பகுதியில் 20,000 பேர்க்கும் ஒரு தொடக்க நலவாழ்வு நிலையம் என்பது அரசு நெறிமுறை. அந்நெறிமுறை தலைகளை எண்ணுகின்றது. நடக்க வேண்டிய தொலைவை எண்ணுவதில்லை. சமுனாமரத்தூரிலிருந்து போளூர்க்கு இறங்கவே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நீரிழிவோ ஒருநாள் மருந்தில் தீரும் நோயன்று; திங்கள்தோறும் மருத்துவரைக் காணவேண்டிய நோய். ஒருநாள் கூலியை இழந்து இறங்குபவர் எத்தனை திங்கள் இறங்குவார்?

வழியில்லாமலும் இல்லை. தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், இதே மலையாளிப் பழங்குடியினரிடையே, இரெசி, இலலிதா என்னும் மருத்துவ இணையர் 1993-இல் ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினர். அம்மக்களின் மகளிரையே செவிலியராகவும் ஊர்தோறும் நலப்பணியாளராகவும் பயிற்றினர். சிறுகூல வேளாண்மையையும் நலவாழ்வின் பகுதியாகவே வளர்த்தனர். அரசும் 2021 ஆகத்து 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைக் கிருட்டிணகிரி மாவட்டச் சிற்றூரொன்றில் தொடங்கி, வீட்டு வாயிலிலேயே குருதியழுத்தமும் நீரிழிவும் பார்க்க வகைசெய்தது. நல்ல பெயர், நல்ல நோக்கம். தேடுபவர் மலையேறிக் கடைசிக் குடிசை வரை செல்லும்பொழுதே அப்பெயர் மெய்யாகும்.

ஆகலின், தமிழ்நாட்டரசு செய்யத்தக்கவை இவை: ஒன்று, சவ்வாது மலை மக்களின் உடல்நலம் மாவட்ட நிரவலினின்று பிரித்துத் தனியே எண்ணப்பட்டு வெளியிடப்படல் வேண்டும். இரண்டு, எடையோடு இடுப்புச் சுற்றளவும் அளக்கப்படல் வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு நாடாவே. ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்றிமீட்டர் என்னும் எல்லை இந்திய ஆய்வுகளில் முன்பே வழக்கிலுள்ளது. மூன்று, மலையிற் பிறந்த மகளிர் செவிலியராகவும் நலப்பணியாளராகவும் அமர்த்தப்பட்டு, நோயும் மருந்தும் அவர்தம் தமிழிலேயே விளக்கப்படல் வேண்டும். புரியாத ஆங்கிலச் சீட்டு எவர் நோயையும் தீர்த்ததில்லை. நான்கு, 2023-இல் நீலமலை, தருமபுரி மாவட்ட நயவிலைக் கடைகளில் அரிசிக்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு வழங்கியதைப் போன்று, சவ்வாது மலைச் சாமையை நல்ல விலைக்கு வாங்கி, அம்மலைக் கடைகளிலேயே முதலில் வழங்குதல் வேண்டும்.

தமிழன் என்னும் சொல்லுக்குள் சென்னைத் தமிழனும் சமுனாமரத்தூர்த் தமிழனும் நிகராக அடங்குவர். ஒருவன் உடல் விலையுயர்ந்த ஊசியால் இளைக்க, மற்றொருவன் உடல் அளப்பாரின்றி நலியும் நாட்டில் இனவொருமை பேசுதல் வெற்றுரை. மலைமக்கள் உடலை அவர்க்குரிய கோலால் அளக்கத் தொடங்குக. அங்கிருந்தே நயன்மை தொடங்கும்.