தாயின் மீது பழி வேண்டாம்: குழந்தைகளின் கவனக்குறைவு, மிகையியக்கம் குறித்த எங்கள் நிலைப்பாடு

ஒரு குழந்தைக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, அதாவது ஏ.டி.எச்.டி., இருப்பதாக மருத்துவர் சொன்ன நாளிலேயே குடும்பத்துக்குள் ஒரு விசாரணை தொடங்கிவிடுகிறது. மாசமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாய், எந்த மாத்திரையைப் போட்டாய், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று எல்லாக் கேள்விகளும் தாயிடமே வந்து நிற்கின்றன. குழந்தை வளர்ச்சி, மனநலம், சிறப்புக் கல்வி ஆகிய துறைகளில் பணியாற்றுவோர் இணைந்த எங்கள் அமைப்பு இந்த விசாரணையைத் தவறானது என்று கருதுகிறது. தாய்மாரின் மனம் புண்படுகிறது என்பது ஒரு காரணம். கிடைத்துள்ள அறிவியல் சான்று வேறு திசையில் கைகாட்டுகிறது என்பது அதைவிட வலுவான காரணம். கருவுற்ற காலத்திலும் முதல் சில ஆண்டுகளிலும் இந்தக் குறைபாட்டின் அபாயத்தைக் கூட்டுபவை என்று சொல்லப்பட்டவற்றுள், தாயின் நடத்தையோடு பிணைக்கப்பட்ட சில பெரிய குற்றச்சாட்டுகள் கடுமையான ஆய்வுக்கு முன் நிற்கவில்லை. நின்றவை குறைப்பிரசவம், ஈய நச்சு, பராமரிப்பே இல்லாத கைவிடப்பட்ட நிலை ஆகியவை. இவை மூன்றும் மருத்துவமனை, அரசு, சமூகம் ஆகியவற்றின் பொறுப்பில் வருபவை. அந்தப் பொறுப்பை உரியவர்கள் ஏற்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

முதலில் குறைபாட்டின் அளவையும் தன்மையையும் பார்ப்போம். உலக அளவில் பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு இது உண்டு என்று 2007இல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், மக்களிடையே இந்தக் குறைபாட்டில் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய 74 விழுக்காட்டை மரபணுக் கூறுகளோடு தொடர்புபடுத்துகின்றன. ஒற்றை மரபணு எதுவும் இதைத் தீர்மானிப்பதில்லை. சிறு சிறு விளைவு கொண்ட பல மரபணுக் கூறுகள் சேர்ந்து ஒரு சாய்வை உண்டாக்குகின்றன. சூழல் அந்தச் சாய்வைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. ஆகவே அபாயக் காரணி என்று நாங்கள் சொல்லும்போது, ஒரு கூட்டத்தில் குறைபாடு எத்தனை பேருக்கு வரலாம் என்ற வாய்ப்பைக் கூட்டும் ஒன்றையே குறிக்கிறோம். ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு ஏன் வந்தது என்ற கேள்விக்கு அது விடையாகாது.

மரபின் பங்கு இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் தாயின் நடத்தை பற்றிய ஆய்வுகள் நெடுங்காலம் தடம் மாறின. கருவுற்ற காலத்தில் புகைபிடித்த பெண்களின் குழந்தைகளிடம் இந்தக் குறைபாடு கூடுதலாகத் தெரிந்தது உண்மை. ஆனால் புகைப்பழக்கத்தை விட முடியாத மனப்போக்குக்கும் கவனக்குறைவுக்கும் பொதுவான மரபுச் சாய்வு இருக்கலாம். வறுமை, மன அழுத்தம், கணவனின் பழக்கம் ஆகியவையும் அதே வீட்டில்தான் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளில், ஒரு கர்ப்பத்தில் புகைபிடித்து மற்றொன்றில் பிடிக்காதிருந்தால், அந்த இரு குழந்தைகளையும் ஒப்பிட வேண்டும். சுவீடனில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு 2014இல் வெளியான ஆய்வு அதைச் செய்தது. உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது புகைக்கும் ஏ.டி.எச்.டி.க்கும் இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. பாராசிட்டமால் கதையும் இதுவே. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு அந்த மாத்திரையை ஆட்டிசத்தோடு இணைத்துப் பேசியபோது உலகெங்கும் கருவுற்ற பெண்கள் கலங்கினர். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, சுவீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த ஏறத்தாழ 24.8 லட்சம் குழந்தைகளின் தரவு ஆராயப்பட்டிருந்தது. பொதுவாகப் பார்க்கையில் மிகச் சிறிய கூடுதல் தெரிந்தது. உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது ஆட்டிசத்துக்கும் சரி, ஏ.டி.எச்.டி.க்கும் சரி, அந்தக் கூடுதல் இல்லாமல் போனது.

உடன்பிறப்பு ஒப்பீடும் குறையற்ற முறை அல்லவே என்று சிலர் கேட்கக்கூடும். சரிதான். இரு கர்ப்பங்களுக்கிடையே வேறு மாற்றங்களும் நிகழ்ந்திருக்கலாம். பதிவுகளில் பிழை இருந்தால் உண்மையான விளைவுகூடச் சிறிதாகத் தெரியலாம். ஆனால் அதே நாட்டில், அதே முறையில் ஆராயப்பட்ட குறைப்பிரசவம் மறையவில்லை. சுவீடனில் 1973 முதல் 2008 வரை நிகழ்ந்த 33 லட்சம் பிறப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவுகளின்படி, ஒரே வீட்டில் நிறைமாதத்தில் பிறந்த உடன்பிறப்போடு ஒப்பிட்டாலும் குறைமாதக் குழந்தைக்கு அபாயம் கூடுதலாகவே இருந்தது. இந்த முறை எல்லாவற்றையும் மறைத்துவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று. புகைபிடிப்பதில் தீங்கில்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. புகையும் புகையிலையும் குழந்தையின் எடையைக் குறைக்கின்றன, குறைப்பிரசவத்துக்கு வழிவகுக்கின்றன. அவற்றை விடச் சொல்ல அதுவே போதும். மது கருவின் மூளையைப் பாதிக்கும் என்பதும் உறுதியானது. தேவையான அறிவுரையை அதற்குரிய சரியான காரணத்தோடு சொல்ல வேண்டும் என்றே கேட்கிறோம்.

குறைப்பிரசவம் நம் நாட்டுக்கு மிகப் பெரிய கேள்வி. 2020இல் உலகில் பிறந்த ஏறத்தாழ 1.34 கோடி குறைமாதக் குழந்தைகளுள் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் குறைபாடு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.6 மடங்கு என்று 2002இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. மிக முன்கூட்டியே பிறந்தவர்களுக்கு அது 3 மடங்கு அளவில் இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன. கருவின் மூளையில் நரம்பிழைகளுக்கு உறையிடும் வேலையும் இணைப்புகள் உருவாகும் வேலையும் கடைசி மூன்று மாதங்களில் வேகமாக நடக்கின்றன. அந்த வேலை கருப்பைக்கு வெளியே, மூச்சுத்திணறலுக்கும் தொற்றுக்கும் நடுவே நடக்க நேர்வதே இதற்கு முதன்மை விளக்கம். இங்கே ஆசிரியர்கள் அறிய வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளிடம் துறுதுறுப்பைவிடக் கவனக்குறைவே மேலோங்கித் தெரிகிறது. அவர்கள் வகுப்பைக் குலைப்பதில்லை. அமைதியாக உட்கார்ந்து பாடத்தைத் தவறவிடுகிறார்கள். சேட்டை செய்யும் பிள்ளையை மட்டுமே தேடும் கண்ணுக்கு அவர்கள் தட்டுப்படுவதில்லை. “மந்தம்”, “சோம்பேறி” என்ற பட்டங்கள்தான் அவர்களை வந்தடைகின்றன.

அபாயம் 37ஆவது வாரத்தோடு திடீரென முடிந்துவிடுவதும் இல்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடன் குழந்தைகளில் ஏ.டி.எச்.டி. மருந்து பெற்றவர்களை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், 23 முதல் 28 வாரங்களில் பிறந்தவர்களுக்கு அபாயம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது; வாரம் கூடக் கூட அது படிப்படியாகக் குறைந்தது; 37, 38ஆம் வாரங்களில் பிறந்தவர்களிடம்கூடச் சிறு கூடுதல் எஞ்சியிருந்தது. தமிழ்நாட்டுக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் நிகழும் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 விழுக்காடு. உயிரைக் காக்கும் சிசேரியனை நாங்கள் எதிர்க்கவில்லை. நாள், நட்சத்திரத்துக்காகவோ மருத்துவமனையின் வசதிக்காகவோ, மருத்துவத் தேவை இன்றி 39 வாரத்துக்கு முன் குழந்தையை வெளியே எடுப்பதை எதிர்க்கிறோம். நல்ல நேரம் குறித்துக்கொண்டு குடும்பம் வந்தாலும், மூளை வளரும் வாரங்களைப் பற்றி எடுத்துச் சொல்லி மறுக்க வேண்டிய கடமை மருத்துவருக்கு உண்டு. முன்கூட்டியே பிறந்துவிட்ட குழந்தைக்கும் செய்யக்கூடியது இருக்கிறது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் தொடங்கிய கங்காரு தாய் பராமரிப்பு முறையில், எடை குறைந்த குழந்தை தாயின் மார்போடு தோல் பட அணைத்து வளர்க்கப்படுகிறது. அங்கே சோதனை முறையில் இந்தப் பராமரிப்பைப் பெற்றவர்களை 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான பராமரிப்பைப் பெற்றவர்களைவிட மிகையியக்கமும் மூர்க்கமும் அவர்களிடம் குறைவாக இருந்தன.

அடுத்தது ஈயம், வெள்ளீயத்தை அல்ல, காரீயத்தைச் சொல்கிறோம். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து ஈயத்தை அளந்தார். பல்லில் ஈயம் கூடியிருந்த பிள்ளைகளை, கவனம் சிதறுபவர்கள் என்றும் சொன்னதைச் செய்து முடிக்காதவர்கள் என்றும் அவர்களது ஆசிரியர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். நம் ஊரிலும் சான்று உண்டு. சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், இரத்தத்தில் ஈயத்தின் சராசரி ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அமெரிக்கா இன்று நடவடிக்கைக்கு உரியதாகக் கொள்ளும் அளவு 3.5. ஈயம் கூடக் கூட, ஆசிரியர்கள் குறித்த கவனச் சிக்கல்களும் கூடின. ஒரே காலத்தில் எடுத்த அளவீடு காரணத்தை நிறுவாது என்பது நியாயமான எதிர்வாதம். ஆனால் விலங்குகளுக்கு ஈயம் கொடுத்து நடத்திய சோதனைகளிலும் கவனமும் தன்னடக்கமும் கெடுகின்றன. பல நாடுகளின் ஆய்வுகளும் ஒரே திசையில் நிற்கின்றன. பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. நம் நாட்டில் 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது. 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டில் 90 பி.பி.எம்.முக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பழைய பெயிண்ட், உரிமம் இன்றி பேட்டரியை உடைத்து உருக்கும் பட்டறைகள், நிறத்துக்காகக் கலப்படம் செய்த மஞ்சள் தூள் ஆகியவை தொடர்கின்றன. இந்தியாவில் 27 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்குக் குறையாத ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் மதிப்பிட்டது. இரும்புச்சத்துக் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதால், இவ்விரண்டையும் சேர்த்தே அணுக வேண்டும்.

மூன்றாவதான கைவிடப்பட்ட நிலையைக் கவனமாக வரையறுக்க வேண்டும். 1989க்குப் பின் ருமேனியாவிலிருந்து, பெரும்பாலும் அநாதை இல்லங்களிலிருந்து, பிரிட்டனுக்குத் தத்து சென்ற 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டரின் குழு நெடுங்காலம் பின்தொடர்ந்தது. தொடுவாரும் பேசுவாரும் இல்லாத அந்த இல்லங்களில் 6 மாதங்களுக்கு மேல் இருந்தவர்களிடம் கவனக்குறைவும் மிகையியக்கமும் இளமைப் பருவம் வரை நீடித்தன. அதற்கு முன்பே வெளியேறியவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே வளர்ந்தார்கள். வேலைக்குப் போகும் தாய், பாட்டியிடம் வளரும் பிள்ளை, கண்டிப்புக் குறைந்த வீடு ஆகியவற்றை இதோடு ஒப்பிடுவது அநியாயம். சான்று சுட்டுவது, பராமரிக்கும் முகமே இல்லாத நிறுவன வாழ்வை. தொட்டில் குழந்தைத் திட்டத்தின் மூலமும் பிற வழிகளிலும் வந்து சேரும் சிசுக்கள் இல்லங்களில் தங்கும் காலத்தை எவ்வளவு சுருக்குகிறோம் என்பதே இங்கு நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

எங்கள் நிலைப்பாட்டுக்கு எதிராக மூன்று வாதங்கள் வரக்கூடும். பெரும்பங்கு மரபுதான் என்றால் சூழலைத் திருத்தி என்ன பயன் என்பது முதலாவது. மரபுச் சாய்வை நாம் மாற்ற முடியாது. ஈயத்தையும் தேவையற்ற முன்பிரசவத்தையும் மாற்ற முடியும். கொள்கைக்கு எது பெரியது என்பதைவிட எது நம் கைக்கு எட்டுவது என்பதே முக்கியம். குறைமாதக் குழந்தைகளைப் பின்தொடர்ந்தால் அவர்கள் மீது முத்திரை விழும் என்பது இரண்டாவது. அபாயம் மூன்று மடங்கு என்றே கொண்டாலும் நூற்றில் 85 பேருக்கு இந்தக் குறைபாடு வராது என்பதைப் பெற்றோருக்கு முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு கவனித்துப் பார்ப்பதில் தீங்கில்லை. சாதாரணக் குறும்பை நோயாக்குகிறோம் என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தபோது, வகுப்பிலேயே வயதில் இளையவர்களான டிசம்பரில் பிறந்தவர்கள், ஜனவரியில் பிறந்தவர்களைவிடக் கூடுதலாக இந்த நோயறிதலைப் பெற்றிருந்தனர். சிறுவர்களில் 30 விழுக்காடும் சிறுமிகளில் 70 விழுக்காடும் கூடுதல். வயதுக்குரிய முதிர்ச்சியின்மை நோயாகப் படிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நோயறிதல் வயதை மாதக் கணக்கில் பார்த்து, வீடு, பள்ளி இரண்டிலும் விசாரித்து, நிதானமாகச் செய்யப்பட வேண்டும். தவறாகப் படிக்கும் ஆபத்து இருக்கிறது என்பதற்காகப் படிக்காமலே விட்டுவிட முடியாது.

எனவே நாங்கள் கேட்பவை இவை. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் குறைமாதக் குழந்தைகளின் கண்காணிப்பு முதல் ஓரிரு ஆண்டுகளோடு நிற்கக் கூடாது. கவனச் சிக்கல் வெளிப்படுவதே பள்ளி வயதில் என்பதால், ஒன்றாம் வகுப்பு முடியும் வரை அது தொடர வேண்டும். 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் இந்தக் குறைபாடு ஏற்கெனவே உள்ளது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் உளவியலாளரும் சிறப்பாசிரியரும் நிரந்தரமாக இருந்தால் மட்டுமே அந்தப் பட்டியலுக்குப் பொருள் உண்டு. மருத்துவக் காரணம் பதியப்படாமல் 39 வாரத்துக்கு முன் செய்யப்படும் திட்டமிட்ட பிரசவங்களைத் தணிக்கை செய்ய வேண்டும். எடை குறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் கங்காரு பராமரிப்பு கிடைக்கும் வகையில் தாய்க்குப் படுக்கையும் குடும்பத்துக்கு இடமும் தர வேண்டும். பேட்டரி உருக்கும் பகுதிகளில் உள்ள அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு இரத்த ஈயப் பரிசோதனையை அரசு செலவில் நடத்த வேண்டும். மஞ்சள் தூள், பெயிண்ட் மாதிரிகளின் முடிவுகளை வெளியிட வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. இடம்பெறவில்லை, கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தேர்வில் கூடுதல் நேரமும் வகுப்பில் உரிய ஏற்பாடுகளும் கிடைக்க அந்த இடைவெளி அடைபட வேண்டும்.

எங்கள் உறுப்பினர்களுக்கும் இந்த அறிக்கை கட்டுப்பாடு விதிக்கிறது. பெற்றோரிடம் கர்ப்பகால வரலாற்றைக் கேட்கும்போது, அது குழந்தைக்குத் தேவையான உதவியைத் தீர்மானிக்கவே என்பதை முதலில் சொல்வோம். பழிக்கு இடம் தரும் சொல் எங்கள் அறிக்கைகளிலோ ஆலோசனையிலோ இடம்பெறாது. கணவரும் மாமியாரும் உடன் வந்திருந்தால், அவர்கள் காதில் விழும்படி, சான்று தாயைக் குற்றம் சொல்லவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்வோம். அரசும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் தங்கள் பங்கை ஏற்கும் வரை இந்தக் கோரிக்கைகளோடு தொடர்ந்து அவர்கள் முன் நிற்போம்.