திறந்தவரே மூட வேண்டும்

அண்டை வீட்டில் ஏணி இரவல் வாங்கிவரப் பிள்ளையை அனுப்பும்போது நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? கேட்டு வாங்கு, வேலையை முடி, கையோடு திருப்பிக் கொடு. கூடவே இன்னொன்றும் சொல்வோம்: ஆள் இல்லையென்றால் வாசலிலேயே நின்றுவிடாதே, வந்து சொல். தரவுத்தளத்திற்கென்றே பிறந்த ஒரு கணினி மொழி, கோப்புகளையும் வலைத் தொடர்புகளையும் கையாளும் முறை இந்த நான்கு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது.

அம்மொழியின் பெயர் மம்ப்ஸ். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், ஆக்டோ பார்னெட் தலைமையிலான ஆய்வகத்தில் 1966-67ஆம் ஆண்டுகளில் இது உருவாயிற்று. நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைப் பலரும் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1977ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியத் தரமாக ஏற்கப்பட்டது.

இம்மொழியில் தரவுத்தளமும் நிரல்மொழியும் ஒன்றே. ஒரு பெயருக்கு முன்னால் கூரை போன்ற குறியொன்றை இட்டுவிட்டால், அதில் வைத்த மதிப்பு நிரல் முடிந்த பின்னரும் வட்டில் நிலைத்திருக்கும். அதற்காக எதையும் திறக்கவோ மூடவோ வேண்டியதில்லை. அது தன் வீட்டுப் பெட்டி. தனக்கு வெளியே உள்ள ஒன்றைத் தொடும்போதுதான் மம்ப்ஸ் அனுமதி கேட்கிறது. அன்று ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் அச்சுப்பொறியைப் பிடித்துக்கொண்டால் மற்றவர் காத்திருந்தே ஆக வேண்டும். இந்த இரவல் ஒழுங்கு பிறந்ததற்கு அதுவே காரணம்.

கட்டளைகள் எளியவை. ‘ஓப்பன்’ என்பது கேட்டுப் பெறுவது. ‘யூஸ்’ என்பது, இனிப் படிப்பதும் எழுதுவதும் இதனோடுதான் என்று அறிவிப்பது. ‘குளோஸ்’ என்பது திருப்பிக் கொடுப்பது. திறந்தால் மட்டும் போதாது. ‘யூஸ்’ சொல்ல மறந்தால், கோப்பில் எழுத வேண்டிய வரிகள் திரையில் போய் விழும்.

கோப்பைத் திறக்கும்போது நோக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜிடிஎம் என்னும் மம்ப்ஸ் வகையில், படிக்க மட்டும் என்றும், இருப்பதன் கடைசியில் சேர்க்க என்றும் தனித்தனியே குறிப்பிடலாம். படிக்க வந்தவர் பழைய குறிப்பைத் தவறுதலாக அழித்துவிடாமல் இருக்க இதுவே காவல்.

வலைத் தொடர்புக்குரிய சாக்கெட்டையும் ஜிடிஎம் இதே கட்டளைகளால்தான் திறக்கிறது. ஒரு பக்கம் ஒரு வாயில் எண்ணில் காத்திருக்கும். மறுபக்கம் முகவரியையும் அவ்வெண்ணையும் சொல்லி அழைக்கும். ஆனால் கோப்புக்கு முடிவு உண்டு. சாக்கெட்டில் வருவதோ வாய்க்கால் நீர்போல் இடைவிடா ஓட்டம். ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதற்கான குறியை இரு தரப்பும் முன்னரே பேசி வைத்திருக்க வேண்டும். இல்லையேல் ஒருவருடைய அறிக்கையின் வால் அடுத்தவருடைய அறிக்கையின் தலையோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி, அந்த நான்காவது அறிவுரை. ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தை எண்ணிப் பாருங்கள். கருவி முடிவை அனுப்ப முயல்கிறது. எதிர்ப்பக்கக் கணினியிடமிருந்து பதில் இல்லை. ‘ஓப்பன்’ கட்டளையில் காலவரம்பு தரப்படவில்லையென்றால், நிரல் விடியும்வரை காத்துக் கிடக்கலாம். முடிவு இன்னும் ஆயத்தமாகவில்லை என்று மருத்துவர் எண்ணியிருப்பார். பத்து விநாடி என்று வரம்பு கொடுத்தால், அந்நேரம் கடந்ததும் நிரல் மேலே செல்லும். திறந்ததா இல்லையா என்பதை ‘டெஸ்ட்’ என்னும் சிறப்பு மாறி ஒன்று அல்லது சுழியம் என்று சொல்லும். சுழியம் என்றால் பணியாளரை எச்சரிக்கலாம், மீண்டும் முயலலாம். வரம்பு தராதபோது அம்மாறி மாறுவதே இல்லை. முன்பு வேறெதற்கோ கிடைத்த ‘ஒன்று’ அப்படியே நின்று, திறந்துவிட்டது என்ற பொய்யான நிம்மதியைத் தரக்கூடும். ஆகவே வரம்பும் வேண்டும், விடையைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

மூடுவதும் அவ்வாறே. எழுதிய கடைசி வரிகள் வட்டைச் சேராமல் நினைவகத்திலேயே தங்கியிருக்கக் கூடும். அந்நேரம் மின்சாரம் நின்றால் அவை போயின. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கக்கூடியவை இயல்பாக 1024 மட்டுமே. மூடாமல் திறந்துகொண்டே சென்றால், நாள் முழுதும் நன்றாக ஓடிய நிரல் திடீரென நின்றுபோகும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள். நிரல் ஓடுகிறது என்று மகிழ்ந்து வந்து காட்டும்போது, நீங்கள் அத்துறை அறியாதவராயினும் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: “பதில் வராவிட்டால் உன் நிரல் என்ன செய்யும்? வாங்கியதைத் திருப்பிக் கொடுத்ததா?” இரவல் பொருள் ஓர் அமானிதம் என்று நாம் சொல்லி வளர்த்த பிள்ளைக்கு இக்கேள்விகள் புதியவை அல்ல.