ஒரே நாளின் கணக்கு

கூட்டத்தைக் குறிவைக்கும் துப்பாக்கிச் சூடுகளில் அமெரிக்காவைவிட நார்வே மோசம் என்று ஒரு பட்டியல் அடிக்கடி சுற்றுகிறது. 2009 முதல் 2015 வரையிலான சாவுகளை மக்கள்தொகையால் வகுத்துப் போட்ட கணக்கு. வகுத்ததில் பிழையில்லை. ஆனால் 2011 ஜூலை 22 அன்று நார்வேயின் ஊட்டோயா தீவில் ஒரே ஆள் 69 பேரைக் கொன்றான். நார்வேயின் மக்கள்தொகையோ அப்போது சுமார் 50 லட்சம்தான். அந்த ஒரு நாளை ஏழு ஆண்டுகளுக்குப் பரப்பினால் எந்தச் சின்ன நாடும் முதலிடம் பிடித்துவிடும்! அமெரிக்காவிலோ 2012இல் மட்டும் அரோரா திரையரங்கில் 12 பேர், சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் உட்பட 26 பேர். அதற்கு முன்னும் பின்னும் ஓய்வில்லை. இனி இத்தகைய பட்டியலை வெளியிட்டால், எத்தனை ஆண்டுகளில் சாவு நேர்ந்தது என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

– வாசகர், திருச்சி