போரைக் கண்ட பிஞ்சுக் கண்கள்

திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையே, நெல்வயல்கள் சூழ அமைந்த ஊர் கூத்தாநல்லூர். இவ்வூரார் பலர் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வணிகத்தின் பொருட்டுச் சென்றவர்கள். 1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியர் கைப்பட்டது. கப்பற் போக்குவரத்து அறுந்தது. 1945இல் போர் ஓயும் வரை, கடல் கடந்தோரைப் பற்றிய செய்தி கிடைப்பதே அரிதாயிற்று. கூத்தாநல்லூரில் பீரங்கி முழங்கவில்லை. எனினும், “அத்தா எப்பொழுது வருவார்?” என்று தாயைக் கேட்கும் குழந்தைக்குப் போர் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டதன்றோ?

இத்தகைய பிரிவைக் குழந்தையின் கண்கொண்டு காட்டும் திரைப்படம், மணிரத்னம் இயக்கத்தில் 2002இல் வெளிவந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. இலங்கைப் போரினால் இராமேசுவரத்திற்கு வந்த தாயொருத்தி, அகதிகள் முகாமில் ஈன்ற மகள் அமுதா. சென்னையில் வளர்ப்புப் பெற்றோரின் அன்பில் வாழும் அவள், ஒன்பதாம் வயதில் உண்மையறிந்து, ஈன்றவளைத் தேடிப் போர் நிகழும் தீவுக்கே செல்கிறாள். எப்பக்கம் வெல்லும் என்பது அவள் கவலையன்று. தாய் தன்னை ஏன் பிரிந்தாள் என்பதே அவள் கவலை. படைக்கலம் ஏந்திய தாயிடம் அதற்கு நிறைவான விடை இல்லை. அமுதாவாக நடித்த கீர்த்தனா, சிறந்த குழந்தை நட்சத்திரத்திற்கான தேசிய விருது பெற்றார்.

இப்பார்வை தமிழுக்குப் புதிதன்று. மலையமானின் மக்களை யானைக் காலில் இடச் சோழன் கிள்ளிவளவன் துணிந்தான். அப்பொழுது புலவர் கோவூர்கிழார், அச்சிறுவர்கள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்ததையும், அவையை நோக்கி மருண்டதையும் எடுத்துரைத்தார், அவர்களை உய்வித்தார். புறநானூறு இதனைப் போற்றி வைத்துள்ளது. படையால் ஆகாததைப் பிள்ளைகளின் மருட்சியைக் காட்டிய சொல் செய்து முடித்தது.

சிறுவர்க்குப் போர்ப்படம் எதற்கு என்பார் உளர். கொலையைக் கொண்டாடி வெறியூட்டும் படங்கள் அவர்க்கு ஆகா என்பது உண்மையே. ஆயினும், போரின் துயரை அறியாது வளர்வோர் அதனை விளையாட்டெனவே கருதுவர். ஆதலின், போரைப் பற்றிய எக்கதையைப் படிப்பினும் பார்ப்பினும், வென்றவர் யார் என்று கேட்கும் முன்னர், அங்கிருந்த குழந்தை என்னவாயிற்று என்று கேட்கப் பழகுதல் வேண்டும். பகைவரின் குழந்தையும் குழந்தையே.