தானியங்கிக் கடிதமும் கல்லாப் பெட்டியும்

பில் போடும் மென்பொருள் விற்க நம் கடைகளுக்கு வரும் முகவர்கள் இப்போது அதோடு சேர்த்து இன்னொரு சரக்கையும் விற்கிறார்கள். வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரியைக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் போதுமாம். முதல் முறை வாங்கியவருக்கு மறுநாள் நன்றிக் கடிதம், இருபத்தைந்தாம் நாள் "அடுத்த மாத மளிகை லிஸ்ட் தயாரா?" என்று ஒரு நினைவூட்டல், இரண்டு மாதம் தலைகாட்டாதவருக்குத் தள்ளுபடிச் சீட்டு, பிறந்த நாளுக்கு வாழ்த்து என எல்லாம் தானாகவே போய்க்கொண்டிருக்கும். இந்தக் கடிதத் தொடருக்கு 'ஜர்னி', அதாவது பயணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஈமெயிலா, நம் ஊரிலா என்று சிரிக்கும் அன்பர்கள் உண்டு. உள்ளூர்க் குடும்பங்களுக்கு வாட்ஸ்அப்தான் வழி என்பது மெய்யே. ஆனால் அறந்தாங்கிப் பக்கமும் கடற்கரை ஊர்களிலும் சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ பிள்ளையை அனுப்பாத தெரு எது? பெற்றோருக்கு மாதச் சாமான் எடுத்துக் கொடுக்கச் சொல்லிப் பணம் அனுப்புகிறவர்கள் அவர்கள். விடுதிகளுக்கும் ஓட்டல்களுக்கும் சரக்குப் போடும் மொத்த வியாபாரிகளுக்கும் விலைப்பட்டியல் அனுப்ப மின்னஞ்சலே தோதானது. மேலும், இங்கே நாம் சொல்வதில் பெரும்பகுதி வாட்ஸ்அப்புக்கும் குறுஞ்செய்திக்கும் பொருந்தும்.

இது வேண்டாம் என்பது நமது கட்சி அல்ல. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-ல் பெயர் மாற்றிக்கொண்ட நம் தமிழ்நாட்டு ஸோஹோ நிறுவனமே இத்தகைய மென்பொருளை உலகெங்கும் விற்கிறது. அமெரிக்காவின் மெயில்சிம்ப் நிறுவனத்தை 2021-ல் இன்ட்யூட் ஏறத்தாழ 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. ஒன்றுக்கும் உதவாத சரக்கில் இவ்வளவு பணம் புரளாது. நமது கேள்வி வேறு. இது நம் கடைக்குப் பலன் தருகிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? நம் தராசுக்கு அரசு முத்திரை இல்லாவிட்டால் அபராதம் போடுகிறார்கள். முகவர் கொண்டுவரும் தராசுக்கு முத்திரை போட்டவர் யார்?

அவர்கள் முதலில் காட்டும் எண், கடிதத்தைத் திறந்தவர் எத்தனை சதவீதம் என்பது. இது எப்படித் தெரிகிறது என்றால், கடிதத்துக்குள் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு படம் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் படம் இறக்கப்பட்டால் கடிதம் திறக்கப்பட்டதாகக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் அஞ்சல் செயலியில் ஒரு மாற்றம் செய்தது. அந்தப் பாதுகாப்பை வைத்திருப்பவர் கடிதத்தைப் படிக்காவிட்டாலும் படத்தை ஆப்பிளின் கணிப்பொறியே முன்கூட்டி இறக்கிவிடும். அன்று முதல் இந்தச் சதவீதம் ஊதிப்போன பலூன். இதைச் சொல்லாமல் அதே எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் காட்டுகிறவரிடம் நாம் எச்சரிக்கையாக இருப்பது நலம்.

அடுத்தது இன்னும் சாமர்த்தியமான எண்: "இந்தத் தொடரால் வந்த விற்பனை" என்று ரூபாயில் ஒரு தொகை. கடிதம் போன பின் குறிப்பிட்ட சில நாட்களுக்குள் அந்த வாடிக்கையாளர் எதை வாங்கினாலும் அது கடிதத்தின் கணக்கில் ஏறிவிடும். மாதா மாதம் ஒன்றாம் தேதி தவறாமல் வருகிறவருக்கு இருபத்தைந்தாம் தேதி கடிதம் அனுப்பி, அவர் வந்ததும் "பார்த்தீர்களா" என்பது காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். 2018-ஐ நினைத்துப் பாருங்கள். நவம்பர் 6-ல் தீபாவளி. 16-ம் தேதி அதிகாலை கஜா புயல். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னை சாய்ந்து, மின்சாரம் அற்றுப் பல நாட்கள் கிடந்தோம். அந்த மாத விற்றுமுதலை முந்திய மாதத்தோடு ஒப்பிட்டு ஒரு கடிதத்தின் பலனைப் பிரித்துச் சொல்ல எந்தக் கணக்குப்பிள்ளையால் முடியும்? புயல் இல்லாத ஆண்டிலும் மாசித் திருவிழா உண்டு, பள்ளிக்கூடம் திறப்பு உண்டு, எண்ணெய் விலை ஏற்றம் உண்டு.

அமெரிக்க விளம்பர நிபுணர் கிளாட் ஹாப்கின்ஸ், விளம்பரத்தில் சீட்டு அச்சிட்டு, திரும்பி வந்தவற்றை எண்ணிப் பார்க்கும் முறையை 1923-ல் நூலாகவே எழுதினார். "இந்த நோட்டீஸைக் கொண்டு வருபவருக்குக் கழிவு" என்று நம் கடைக்காரர்களும் செய்வதுதான். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எப்படியும் வருகிறவரும் நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டுதானே வருவார்?

இதற்கு வழி கணிப்பொறிக்காரரிடம் இல்லை, மருத்துவர்களிடம் இருக்கிறது. சென்னையில் 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம், நோயாளிகளை எந்தப் பாரபட்சமும் இன்றிக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் சிகிச்சை, மற்றதற்கு வீட்டிலேயே சிகிச்சை. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள் என்ற முடிவு 1959-ல் வெளியாகி உலக நடைமுறையையே மாற்றியது. இரண்டு பிரிவு இருந்ததால்தான் அது தெரிந்தது.

நாமும் அதையே செய்யலாம். கைபேசி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக உள்ளவர்களுக்குக் கடிதம், இரட்டைப்படைக்காரர்களுக்குக் கிடையாது. நல்ல வாடிக்கையாளர் என்று நாமாகப் பொறுக்கி எடுக்கக் கூடாது, எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். மாத முடிவில் இரு பிரிவிலும் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று பில் புத்தகத்தைக் கொண்டு பாருங்கள். முகவரின் அறிக்கையே தேவையில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பிரிவுக்கு 500 பேர். கடிதம் போனவர்களில் 150 பேர் வாங்கினார்கள், போகாதவர்களில் 135 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் 150 பேரையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். உண்மையில் கடிதம் கொண்டுவந்தது 15 பேரை. சராசரி பில் 1,200 ரூபாய், லாபம் நூற்றுக்கு 8 என்றால் ஒருவருக்கு 96 ரூபாய் வீதம் 15 பேருக்கு 1,440 ரூபாய். கடிதத்தோடு 5 சதவீதத் தள்ளுபடியும் தந்திருந்தால், அது 150 பேருக்கும் தலைக்கு 60 ரூபாய் வீதம் 9,000 ரூபாய். ஆக 7,560 ரூபாய் நட்டம், மென்பொருள் சந்தா தனி. எப்படியும் வந்திருக்கக்கூடிய 135 பேருக்கு நாமே கூப்பிட்டுக் கழிவு கொடுத்திருக்கிறோம்! தள்ளுபடி இல்லாத வெறும் நினைவூட்டலிலும் அந்த 15 பேர் வந்திருந்தால் 1,440 ரூபாய் வரவு. அதில் சந்தாவைக் கழித்துப் பார்த்து மேற்கொண்டு முடிவு செய்யலாம்.

500-க்கு 15 என்ற வித்தியாசம் தற்செயலாகவும் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதத்தில் முடிவு கட்டாமல் மூன்று நான்கு மாதம் அதே பிரிவுகளை வைத்துத் தொடர்ந்து பாருங்கள். வித்தியாசம் ஒரே பக்கமாக நின்றால் நம்பலாம், ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கடிதத்துக்குப் பலன் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதிப் பேருக்கு அனுப்பாமல் விட்டால் வியாபாரம் போய்விடுமே என்று முகவர் பதறுவார். மேலே சொன்ன கணக்கின்படி அப்படிப் போவது மாதம் 1,440 ரூபாய் லாபம். சோதனைக்கு அது அதிக விலை அல்ல.

தொடரை ஒட்டுமொத்தமாக அளந்தால் போதாது, ஒவ்வொரு கடிதத்தையும் தனியாகச் சோதிப்பது நல்லது. மாதக் கடைசி நினைவூட்டல் பலன் தந்து, பிறந்த நாள் வாழ்த்து ஒன்றும் தராமல் போகலாம். காலமாகிவிட்ட பெரியவருக்கு வாழ்த்துப் போய்ச் சேர்ந்தால் அந்த வீட்டில் நம் கடையைப் பற்றி என்ன நினைப்பார்கள்? தானாக ஓடுவதைத் திரும்பிப் பார்க்க ஆள் வேண்டும்.

நட்டப் பக்கத்தில் எழுத வேண்டிய இன்னொன்று, கடிதம் வேண்டாம் என்று விலகியவர்களின் எண்ணிக்கை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கிவிட்டன. தொல்லை அஞ்சல் என்று புகார் செய்வோர் ஆயிரத்துக்கு மூவர் என்ற அளவைத் தொடக் கூடாது. மீறினால் நாம் அனுப்பும் நல்ல விலைப்பட்டியலும் குப்பைப் பெட்டிக்குப் போக நேரிடும். கேட்காதவருக்கு அனுப்புவதைத் தவிர்த்து, விலகும் வழியையும் கடிதத்திலேயே தெளிவாகக் கொடுத்துவிடுவது நமக்கே பாதுகாப்பு.

வரும் தீபாவளிக்கு முன் நான்கு மாதம் இவ்வாறு இரு பிரிவாக நடத்திப் பார்க்க முன்வரும் உறுப்பினர்கள், தங்கள் எண்களை மட்டும் சங்க அலுவலகத்துக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறோம். மளிகை, மொத்தம், ஜவுளி என்று வகை பிரித்து, கடைப் பெயர் இல்லாமல் இந்த இதழில் வெளியிடலாம். நட்டம் வந்த கணக்கையும் மறைக்காமல் அனுப்புங்கள்.