மாமாவும் மேட்டும்

பி.காம். படித்தவனுக்கு என்சைம் எதற்கு என்பீர்கள். மாமாவின் லிவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி பூரா முழித்திருந்தால் எதையும் படிக்கத் தோணும் சார்!

மெத்தியோனைன் அடினோசைல்டிரான்ஸ்பரேஸ்! (சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிடும்.) செல்லமாக 'மேட்'. குடலில் இருக்கிற ஈ கோலை பாக்டீரியாவிலிருந்து எங்க மாமா வரை ஒரே குடும்பம். கோடிக்கணக்கான வருஷமாகியும் அச்சு பெரிசாக மாறலை. மெத்தியோனைனையும் ஏ.டி.பி.யையும் சேர்த்து 'சாம்' என்ற சரக்கைத் தயாரிப்பதுதான் அதன் வேலை. 1952-ல் ஜூலியோ கான்டோனி சொன்ன சங்கதி இது. டி.என்.ஏ.வில் குறி வைக்க, அட்ரினலின் தயாரிக்க, கிரியேட்டின் தயாரிக்க... மெத்தில் கேட்டு வருகிற முக்கால்வாசிப் பேருக்கும் சாம்தான் படியளக்கிறது.

செலவைப் பாருங்கள். ஏ.டி.பி.யில் பெரும்பாலும் ஒரு பாஸ்பேட்டைக் கழற்றியே காரியத்தை முடிப்பார்கள். இங்கே மூணும் காலி! எங்க அக்கவுண்டன்சி வாத்தியார் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார்.

வளர்ந்த லிவருக்கென்றே '1ஏ' ஜீன். மற்ற இடங்களில் '2ஏ'. சிரோசிஸ் வந்தால் 1ஏ படுத்துவிடும். சாம் குறையும். மாமா குவார்ட்டரை விட்டு நாற்பது நாள்தான் ஆகிறது.

"மாமா, உங்க மேட்டைக் கொஞ்சம் காப்பாத்துங்க!"

"வாசல்லதானே மாப்ளே கிடக்கு, எவன் எடுக்கப் போறான்?"