மேனேஜர் என்றால் யார்?

தன் பெயரை யாரும் மொழிபெயர்க்கக் கூடாது என்று உலகத்துக்கே சொல்லிவிட்ட நாடு ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. நாம் பள்ளிக்கூடத்தில் ஐவரி கோஸ்ட் என்று படித்த நாடுதான். எல்லா மொழிகளிலும் தன்னை கோத் திவ்வார் என்ற பிரெஞ்சுப் பெயரிலேயே குறிப்பிட வேண்டும் என்று 1986இல் அந்த அரசு அறிவித்தது. மொழிபெயர்த்துப் பிழைக்கிற எனக்கு அது கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனால் ஆர்.கே.புரத்தில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு, அவர்களுடைய எச்சரிக்கையில் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

மலை மந்திரில் சாமி கும்பிட்டுவிட்டு, நெற்றியில் விபூதியோடு அந்த இளைஞர் வந்தார். எங்கள் அடுத்த பிளாக் நண்பருக்கு உறவு. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழில். விசா வேலையாகத் தில்லி வந்திருந்தார். கையில் பதினான்கு பக்கக் காகிதம், அத்தனையும் பிரெஞ்சு. கூடவே ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம்.

"அபிஜான்ல கம்பெனி ரிஜிஸ்டர் பண்றேன் சார். இந்த ஒரு பக்கத்தைத் தமிழ்ல எழுதிக் கொடுத்தீங்கன்னா அப்பாகிட்ட காட்டிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன்."

பண்ருட்டிக்கும் அபிஜானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் தூத்துக்குடித் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். நம் ஆலைகளின் பசிக்கு நம் தோப்புகள் போதாமல் போய் வெகுகாலம் ஆகிறது. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரி மரங்களை வேரோடு சாய்த்தது. கப்பலில் வரும் ஆப்பிரிக்கக் கொட்டை இல்லையென்றால் பல ஆலைகளில் அடுப்பு எரியாது. கோத் திவ்வாரில் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் விளைகிறது. பச்சைக்கொட்டை உற்பத்தியில் உலகின் முதல் நாடு அதுதான். இடைத்தரகரை விலக்கிவிட்டு அங்கேயே கம்பெனி வைத்து வாங்கினால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. இந்த இளைஞர் தோப்பை அடமானம் வைத்திருந்தார்.

ஆங்கிலச் சுருக்கம் சுலபமாகத்தான் இருந்தது. இரண்டு பங்குதாரர்கள். மூலதனம் பத்து லட்சம் பிராங்க். நம் பணத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்ச ரூபாய். பங்கு ஒன்றுக்கு 5,000 பிராங்க் வீதம் 200 பங்குகள். அவற்றில் 102 அங்கே உள்ள நண்பருக்கு, 98 இவருக்கு. அந்த நண்பரே மேனேஜர்.

"பணம் முழுக்க நீங்கதானே தம்பி போடறீங்க?"

"ஆமா சார். உள்ளூர்ப் பங்காளிக்குப் பாதிக்கு மேலே கொடுக்கணும்னு அந்த ஊர்ச் சட்டமாம். மேனேஜருக்குச் சம்பளம் கொடுத்துடலாம்."

எனக்கு அந்தச் 'சட்டமாம்' உறுத்தியது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பிரெஞ்சு கற்பிக்கும் புதுச்சேரி நண்பர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். பண்ருட்டிக்கு அடுத்த வீடு போன்றது புதுச்சேரி. அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காகிதத்தைக் காட்ட இந்தப் பிள்ளை தில்லி வரை வரவேண்டியிருந்தது.

நண்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினான்கு பக்கத்தையும் படித்தார். பிறகு ஒரே சொல்லின் மேல் விரலை வைத்தார். 'ஜெரான்.' ஆங்கிலத்தில் அதை மேனேஜர் என்றுதான் எழுதுகிறார்கள். அகராதிப்படி தப்பில்லை. ஆனால் பண்ருட்டியில் மேனேஜர் என்றால் மூட்டைக் கணக்கு எழுதி மாதச் சம்பளம் வாங்குபவர். அபிஜானில் ஜெரான் என்றால் கம்பெனியே அவர்தான். வெளியார் விஷயத்தில் அவர் கையெழுத்து கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அவரை நீக்க, பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களின் முடிவு வேண்டும். அந்த 102 பங்கும் அவரிடமே இருந்தால் அவரை யார் நீக்குவது? கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். மூலதனம் போக இவர் அனுப்பப்போகும் பெரும்பணம் முழுவதும் அந்த ஒற்றைக் கையெழுத்தில் ஓடும் வங்கிக் கணக்குக்குப் போகும்.

இதில் மோசடி என்று சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. படிக்கத் தெரியாத எழுத்தில்.

சட்டத்தின் கதை இன்னும் வேடிக்கை. பெரும்பாலும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த 17 நாடுகளுக்கு வணிகச் சட்டம் பொது. 'ஒஹாடா' என்பது அந்தக் கூட்டமைப்பின் பெயர். 1993இல் மொரீஷியஸில் கையெழுத்தான ஒப்பந்தம் அது. அதன் கம்பெனிச் சட்டம் 1998இல் அமலுக்கு வந்து, 2014இல் திருத்தப்பட்டது. ஆரம்பம் முதலே அதில் ஒருவர் மட்டும் தனியாக ஒரு லிமிடெட் கம்பெனி தொடங்க இடம் உண்டு. நம் நாட்டில் அந்த வசதி 2013 கம்பெனிச் சட்டத்தில்தான் வந்தது. உள்ளூர்ப் பங்காளிக்குப் பாதிக்கு மேல் கொடுக்கவேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஆங்கிலமும் ஆட்சிமொழிகளில் ஒன்றுதான். ஆனால் மொழிபெயர்ப்பில் முரண்பாடு வந்தால் பிரெஞ்சு வாசகமே செல்லும்.

பங்காளி என்ற சொல்லைத் தமிழன் சும்மா உண்டாக்கவில்லை. பங்கு உள்ளவனும் அவன்தான், வரப்புத் தகராறில் எதிரே நிற்பவனும் அவன்தான்.

இப்படிச் சொல்வதால், அங்கே கம்பெனி தொடங்குவதே ஆபத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். பதிவுக்கான அலுவலகங்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து 2012இல் அபிஜானில் ஒற்றைச் சாளரம் திறந்தார்கள். கம்பெனி பிறப்பது சுலபமாகிவிட்டது. அதன் பிறகுதான் வேலையே. முந்திரி வாங்கி ஏற்றுமதி செய்ய அங்குள்ள பருத்தி - முந்திரி வாரியத்தின் அனுமதி தனியே வேண்டும். இங்கிருந்து பணம் அனுப்ப, 2022இல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி வங்கி மூலம் ரிசர்வ் வங்கிக்குக் கணக்குக் காட்டவேண்டும். பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினால் மட்டும் ஒரு மூட்டைகூடக் கப்பல் ஏறாது.

இளைஞர் கையெழுத்துப் போடவில்லை. புதுச்சேரி வக்கீல் ஒருவரைப் பிடித்துக் காகிதங்களைப் புதிதாக எழுதவைத்தார். 200 பங்கும் இவருக்கே. ஜெரானும் இவரே. அபிஜான் நண்பருக்குக் கொள்முதலில் கமிஷன். அவர் கோபித்துக்கொண்டாராம். கொஞ்ச நாளில் சமாதானமாகிவிட்டாராம்.

சொன்னபடி புதிய சுருக்கத்தைத் தமிழில் எழுதி ஊருக்கு அனுப்பினேன். ஜெரானுக்கு மட்டும் சரியான தமிழ்ச் சொல் அகப்படவில்லை. நிர்வாகி என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் மேனேஜர் என்று எழுதிவைத்தேன்.

ஒரு வாரம் கழித்து இளைஞர் போன் செய்தார். அப்பாவுக்கு வருத்தமாம்.

"தோப்பை அடமானம் வைத்து இத்தனை பணம் போட்டும், கடைசியில் உனக்கு மேனேஜர் உத்தியோகம்தானா என்கிறார் சார்."